உள்மினுக்கு: இல்லை, உண்டு, மிகுதி

அக்காவுக்குக் கோணலாக எதுவும் இருக்கக் கூடாது. சுவரில் காலண்டர் ஒரு விரல் சாய்ந்திருந்தால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் நிமிர்த்துவாள். அப்படிப்பட்டவள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில், செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் ஒரு வரி அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. மேலே ஐந்து வரிகள்: ஒலி, வெளிச்சம், நிழல், எழுத்தின் அளவு, மொழி. பெட்டியைச் சுருக்கினால் தலைப்பில் இருந்த வாளிப் படம் வெட்டுப்பட்டது. விரித்தால் காலி இடம் இன்னும் பெரிதாகிப் பல் விழுந்த வாய் மாதிரி ஆனது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஆறாவதாக ஒரு வரியைச் சேர்த்தாள்.

அந்த வரிக்கு 'உள்மினுக்கு' என்று பெயர் வைத்தாள். பக்கத்தில் 'இல்லை', 'உண்டு', 'மிகுதி' என்று மூன்று பொத்தான்கள். மற்ற வரிகளுக்கும் மூன்று மூன்று இருந்ததால் இதற்கும் மூன்று.

விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அம்மா முன்னறையில் ஜன்னல் திரைகள் தைப்பாள். பாதி நேரம் அம்மாவுக்கு ஓரம் மடித்துக் கொடுப்பேன், மீதி நேரம் அக்காவின் விளையாட்டுக்குள் போய்ச் சுவர், கதவு, மாடிப்படி என்று ஒன்றுவிடாமல் முட்டிப் பார்ப்பேன். எங்கேயாவது சுவருக்குள் கால் புதைந்தால் அக்காவிடம் சொல்ல வேண்டும். பேசாமல் செய்கிற வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

புது வரியைப் பார்த்ததும் மூன்று பொத்தான்களையும் மாற்றி மாற்றி அமுக்கினேன். எதுவும் நடக்கவில்லை.

"அக்கா, இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், உன்ன மாதிரி."

"அப்ப அமுக்குறவங்க ஏமாந்து போவாங்களே?"

"யாருடி வேலை மெனக்கெட்டு அதை அமுக்கப் போறா? அப்புறமா எடுத்துடறேன்."

எடுக்க மறந்துவிட்டாள். விளையாட்டு இணையக் கடையில் விற்பனைக்கு வந்தபோது உள்மினுக்கும் கூடவே வந்துவிட்டது.

விளையாட்டின் பெயர் 'சொட்டு'. அதில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. குழாய் வேலை செய்யும் ஒரு பெண் கையில் வாளியோடு ஊருக்குள் நிற்பாள். எங்கேயோ ஒரு வீட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். காதால் வழி தேடிப்போய் அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் குழாயை இறுக்க வேண்டும். இறுக்கினதும் அந்தச் சத்தம் நின்று, அதுவரை அமுங்கிக் கிடந்த இன்னொரு சொட்டு தூரத்தில் கேட்க ஆரம்பிக்கும். இப்படியே வீடு வீடாகப் போனால் கடைசியில் ஒரு வீடு. அந்த ஒரு வீட்டுக்காகத்தான் அக்கா இத்தனை வருஷம் நாற்காலி தேய உட்கார்ந்திருந்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். முதல்தடவை அங்கே போனபோது நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"முன்னப்பின்ன தெரியாத ஒரே ஒரு ஆள் அந்த வீடு வரைக்கும் போயிட்டாப் போதும்டி. நீ போனதெல்லாம் கணக்குல வராது, நீ என் தங்கச்சி" என்பாள் அக்கா.

அதைப் பார்ப்பதற்காகவே தன் திரையில் ஊரின் வரைபடத்தைப் போட்டு வைத்திருந்தாள். உலகத்தில் யார் 'சொட்டு' விளையாடினாலும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவார்கள். யார், எந்த ஊர் என்பதெல்லாம் தெரியாது. வெறும் புள்ளி. ஆரம்பத்தில் நாலைந்து புள்ளிகள் வந்தன. ஒன்று முதல் வீட்டுக் கதவு வரை போய்த் திரும்பிவிட்டது. இன்னொன்று கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து மறைந்துபோனது. அக்கா காபியை ஆறவிட்டுப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் தாடிக்காரர் வந்தார்.

தாடிக்காரர் என்றால் எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. கம்ப்யூட்டருக்குள் படத்தைத் தீட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து வீடியோ போடுகிறவர். அவர் சொன்னால் ஜனங்கள் கார்டு வாங்குவார்கள், அவர் உதட்டைப் பிதுக்கினால் கடைக்காரர்கள் தலையில் கை வைப்பார்கள். கார்டு செய்வதில் பெரிய கம்பெனிகள் இரண்டுதான். ஒன்றின் பெட்டிமேல் முதலை வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். மற்றதன் பெட்டிமேல் எஃகு முதுகு போட்ட வண்டு. எலியும் பூனையும் தோற்கும், அப்படி ஒரு பகை. முதலைக் கம்பெனி புல்லை அசைய வைத்தால், மறுவாரமே வண்டுக் கம்பெனி அந்தப் புல்லின் நிழலையும் அசைய வைக்கும்.

இந்த மாதிரி புதுசாக ஓர் அழகைக் கூட்டினால் கார்டு மூச்சு வாங்கும், படம் ஓடுகிற வேகம் விழும். எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதுதான் தாடிக்காரரின் பிழைப்பு. அன்றைக்கு எதையோ தேடப்போய் எங்கள் 'சொட்டு' அவர் கையில் கிடைத்தது. உள்மினுக்கை 'மிகுதி'யில் வைத்தார். வேகம் ஒரு மயிரிழைகூட விழவில்லை.

வீடியோவில் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"நண்பர்களே, என் அனுபவத்துல இப்படி நான் பாத்ததே இல்ல. 'மிகுதி'யில வச்சிருக்கேன். கார்டு சூடே ஆகல! எப்படிச் செஞ்சாங்கன்னே தெரியல. வாளியோட விளிம்பை மட்டும் பாருங்க. தெரியுதா? தெரியுதில்ல?"

கீழே ஆயிரக்கணக்கில் பதில்கள். தெரிகிறது என்றார்கள். ஒருவர் வாளிக்கு உயிர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'உண்டு' போதும், 'மிகுதி'யில் கண் கூசுகிறது என்று குறைப்பட்டிருந்தார்.

வண்டுக் கம்பெனிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. உள்மினுக்கை முழுமையாக ஆதரிக்கும் உலகின் முதல் கார்டு தங்களுடையதுதான் என்று அறிவித்தது. முதலைக் கம்பெனி விடுமா? தங்களுடைய பழைய கார்டுகள்கூட முதல் நாளிலிருந்தே உள்மினுக்கை ஆதரித்துத்தான் வருகின்றன, தற்பெருமை பேசும் பழக்கம் இல்லாததால் சொல்லவில்லை என்றது. இரண்டு கம்பெனிகளின் பொறியாளர்களும் ராப்பகலாகச் சோதித்தார்கள். எவ்வளவு தேடியும் உள்மினுக்கில் ஒரு பிழையைக்கூட அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு சுத்தமான தொழில்நுட்பத்தைத் தங்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஒரு பொறியாளர் கண்கலங்கிப் பேட்டி கொடுத்தார்.

ஒருநாள் அம்மா நூல்கண்டு வாங்கிவரச் சொன்னாள். வழியில் இருந்த கம்ப்யூட்டர் கடை வாசலில் ஒரே கூட்டம். உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு மேசை, இரண்டு திரை, இரண்டிலும் எங்கள் வீட்டு வாளி. கடை அண்ணன் ஒரு வயதானவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்.

"கண்ணை லேசா சுருக்கிக்கிட்டுப் பாருங்க. ஆங், அப்படித்தான். இப்ப 'மிகுதி'. தெரியுதா?"

"இல்லியேப்பா."

"உங்க வீட்டுல மானிட்டர் பழசோ?"

"இது உங்க மானிட்டர்."

"கண்ணு பழகிடுச்சு சார், அதான். ரெண்டு நாள் புது மானிட்டர்ல பாத்தா தானா தெளிஞ்சுடும்."

பின்னால் நின்ற ஒரு பெண், "எனக்குத் தெரியுது! வண்டுல நல்லா தெரியுது" என்றாள். அவ்வளவுதான், முதலை மேசைக்காரர்கள் பாய்ந்தார்கள்.

"வண்டுல தெரியறது உள்மினுக்கே இல்லம்மா, வெறும் மினுக்கு."

"உங்களுக்குப் பொறாமை."

"பொறாமைப்பட அங்க என்ன இருக்கு?"

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடை அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, அது வந்து... அது எதுலயும் இணைக்கல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா, இணைக்கிற கேபிளா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குத் தேவைப்படாத ஒரு கேபிளோடு வீட்டுக்கு வந்தேன். நூல்கண்டை மறந்துவிட்டேன் என்று அம்மா திட்டினாள்.

வீட்டில் அக்கா முதலில் குதிகுதி என்று குதித்தாள். இணையக் கடை 'சொட்டு'வை முதல் பக்கத்தில் வைத்திருந்தது. மழை பெய்கிற மாதிரி புள்ளிகள் வந்து விழுந்தன. ஆனால் ஒரு புள்ளியும் ஊருக்குள் வரவில்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறவர்களைக் காட்டுவதற்காக வரைபடத்தின் ஓரத்தில், ஊருக்கு வெளியே, அக்கா ஒரு சின்னக் கட்டம் வரைந்திருந்தாள். அத்தனை புள்ளிகளும் அந்தக் கட்டத்துக்குள் எறும்பு மொய்த்த மாதிரி கிடந்தன. வருகிறார்கள், உள்மினுக்கை 'இல்லை'யில் வைக்கிறார்கள், 'மிகுதி'யில் வைக்கிறார்கள், முன்னுக்கு வந்து பார்க்கிறார்கள், பின்னுக்குப் போய்ப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. முன்பு கிணற்றைச் சுற்றிய மாதிரி ஒரு புள்ளிகூட இப்போது இல்லை.

"வீட்டைக் கட்டி வச்சா, எல்லாரும் காலிங் பெல்லை மட்டும் அமுக்கிப் பாத்துட்டுப் போறாங்கடி" என்றாள் அக்கா.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். உள்மினுக்கு என்பது இடத்தை நிரப்பப் போட்ட வரி, அது எதனோடும் இணைக்கப்படவில்லை, தயவுசெய்து ஊருக்குள் வாருங்கள் என்று விளையாட்டின் பக்கத்தில் எழுதினாள்.

மறுநாள் காலை வண்டுக் கம்பெனி அறிவித்தது: எதனோடும் இணைக்கப்படாமலேயே இயங்கும் முதல் தொழில்நுட்பம் உள்மினுக்கு என்பதை அதை உருவாக்கியவரே உறுதி செய்துவிட்டார், அந்த இணைப்பின்மையை முழுமையாக ஆதரிப்பது வண்டு மட்டுமே. முதலைக் கம்பெனி, தங்கள் கார்டுகள் இணைப்பின்மையை இரு மடங்கு ஆதரிப்பதாகச் சொன்னது. முதலை ரசிகர்கள் அக்காவை வண்டிடம் கை நீட்டியவள் என்றார்கள். வண்டு ரசிகர்கள் முதலையின் கைக்கூலி என்றார்கள்.

"அந்த வரியைத் தூக்கிடேன்" என்றேன்.

"தூக்கினா முதல் பக்கத்துலேர்ந்து தூக்கிடுவாங்க. மறுபடியும் அடிமட்டத்துக்குப் போயிடும், யார் கண்ணுலயும் படாது." அக்கா நகத்தைக் கடித்தாள். "அது இருந்தா யாரும் உள்ள வரமாட்டாங்க. இல்லாட்டி யாரும் வரவே மாட்டாங்க."

அந்த வார இறுதியில்தான் இரண்டு கம்பெனி ஆட்களும் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. முதலைக்காரர் முதலில் வந்தார். நல்ல பருமன், மூச்சு வாங்கியபடியே சிரிக்கிற முகம். ஒரு பெரிய கம்ப்யூட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முன்னறையில் உட்கார இடமில்லாததால் அம்மா அவரை ஆஸ்பத்திரிக்குத் தைக்க வைத்திருந்த திரைத்துணிக் கட்டின்மேல் உட்கார வைத்தாள். அவர் மூச்சு அடங்குவதற்குள் வண்டுக்காரர் வந்தார். ஒல்லி, மெல்லிய குரல், அவர் கையிலும் ஒரு கம்ப்யூட்டர். அவருக்கு ஓட்டல் திரைத்துணிக் கட்டு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, இழவு வீட்டில் பார்த்துக்கொள்கிற பங்காளிகள்போலத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள்.

"சீக்கிரமே வந்துட்டீங்க போல" என்றார் வண்டுக்காரர்.

"எங்க கார்டு மாதிரியே" என்றார் முதலைக்காரர்.

"சத்தமும் அதே மாதிரிதான். தெருமுனையிலயே மூச்சு வாங்கறது கேட்டுச்சு."

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். "தம்பிகளா, சண்டை போடறதுன்னா துணிமேல போடாதீங்க. நாளைக்குக் கொடுக்கணும்."

அக்கா உள்ளேயிருந்து நாற்காலியை இழுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஓரம் மடித்துக்கொண்டே கவனித்தேன்.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன்" என்று முதலைக்காரர் ஆரம்பித்தார். "அடுத்த மாசம் எங்க புதுக் கார்டு வருது. பெட்டியெல்லாம் அச்சடிச்சாச்சு. முதலை வாய்க்குள்ளயே 'உள்மினுக்கு'ன்னு போட்டிருக்கோம். நீங்க ஒரே ஒரு சின்ன உதவி பண்ணணும். அவங்க கார்டுல மட்டும் அது கொஞ்சம் கம்மியா வேலை செய்யணும்."

"அது வேலையே செய்யல சார்."

"அது தெரியும் மேடம். அவங்க கார்டுல இன்னும் கொஞ்சம் கம்மியா."

"ஒண்ணுமே பண்ணாததுல எப்படி சார் கம்மியா பண்றது?"

"எங்க ஆளுங்க ஏற்கெனவே அளந்துட்டாங்க" என்று வண்டுக்காரர் குறுக்கே வந்தார். "எங்க கார்டுல அது இவங்களதைவிட வேகமா ஒண்ணும் பண்ணாம இருக்கு. வேணும்னா இப்பவே காட்டறேன்."

"எங்கது சூடாகாம ஒண்ணும் பண்ணாது!"

"சூடாகாம ஒண்ணும் பண்ணாம இருக்க எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குக்கூடத் தெரியும்."

முதலைக்காரர் எழுந்தேவிட்டார். இருவரும் ஆளுக்கொரு மேசையைக் கேட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே மேசையில் அக்காவின் கம்ப்யூட்டர் இருந்ததால், அம்மா இருவருக்கும் சேர்த்துத் துணி வெட்டுகிற பலகையைக் கொடுத்தாள். அருகருகே இரண்டு திரைகளும் எரிந்தன. இரண்டிலும் செட்டிங்ஸ் பக்கம், இரண்டிலும் ஆறு வரி. வண்டுக்காரர் பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்தார். முதலைக்காரர் தன்னுடையதை எடுத்தார். அது இன்னும் பெரிது.

அக்கா கொஞ்ச நேரம் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இதை விளையாடிப் பாத்தீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!" முதலைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒலி, வெளிச்சம், நிழல், எழுத்தின் அளவு, மொழி, உள்மினுக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"அதைத் தாண்டி?"

முதலைக்காரர் வண்டுக்காரரைப் பார்த்தார். வண்டுக்காரர் திரையைப் பார்த்தார்.

"தாண்டியும் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார் வண்டுக்காரர்.

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அவள் அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் அதைக் கவனித்துவிட்டாள். வாயைத் திறக்கப் போனவளை நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அக்கா அழவில்லை. எழுந்துபோய் அறை மூலையில் இருந்த தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்த வரி எதுலயும் இணைக்காம இருக்கறதுதானே உங்க பிரச்சினை? இணைச்சுத் தர்றேன். இருங்க."

"எங்களுக்கா?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"எல்லாருக்கும்."

தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் மடித்துக்கொண்டிருந்த துணியோடே எழுந்துபோய் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவள் எழுதினது சில வரிகள்தான். படித்துவிட்டு, இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன்.

"சின்னவளே, நீ ஒரு தடவ சோதிச்சுச் சொல்லு. உன்னைக் கேக்காம நான் எதையும் வெளிய விட்டதில்ல."

உட்கார்ந்தேன். உள்மினுக்கு, 'உண்டு'. அமுக்கினேன். பார்த்தேன். அக்கா பழையபடி ஆக்கித் தந்ததும் 'மிகுதி'யை அமுக்கினேன், அதேபோல 'இல்லை'யையும் அமுக்கினேன். மூன்றும் அவள் எழுதினபடியே சரியாக வேலை செய்தன. எங்கேயும் கால் புதையவில்லை.

இரண்டு கம்பெனிக்காரர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத இருவர் அப்படிப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"என்ன தங்கச்சி, நல்லா வந்திருக்கா?" என்றார் முதலைக்காரர்.

"நல்லா வேலை செய்யுது" என்றேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

அக்கா புதுப் பதிப்பை வெளியே அனுப்பினாள். உலகம் முழுக்க இருந்த 'சொட்டு'கள் தாமாகவே தம்மைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தன, வெட்டுப் பலகைமேல் இருந்த இரண்டும் சேர்த்து. உள்மினுக்கு இணைக்கப்பட்டுவிட்டது என்று வண்டுக்காரர் தன் மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினார். முதலைக்காரர் அதே செய்தியை இரண்டு ஆச்சரியக்குறியோடு அனுப்பினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் அமுக்கணும்" என்றார் வண்டுக்காரர். "முன்னாடி அமுக்கினா கள்ளாட்டம்."

"நீங்க மூணுக்கு முன்னாடியே அமுக்குற ஆளுதானே!"

மூன்றுக்கு முன்னாலேயே இருவரும் அமுக்கிவிட்டார்கள். இருவரும் 'மிகுதி'.

செட்டிங்ஸ் பக்கம் அணைந்துபோனது. அணைந்தது திரும்பி வரவே இல்லை. அக்கா அதைத்தான் இணைத்திருந்தாள். உள்மினுக்கு வரியில் எதை அமுக்கினாலும் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க வழி கிடையாது. ஒலியைக் கூட்ட முடியாது, எழுத்தைப் பெரிதாக்க முடியாது. ஊர் மட்டும்தான் இருக்கும்.

திரையில் குழாய்க்காரப் பெண் வாளியோடு தெருவில் நின்றாள்.

"மெனு எங்க?" என்றார் முதலைக்காரர். எல்லாப் பொத்தான்களையும் தட்டினார். மானிட்டரின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். "மேடம், மெனு போயிடுச்சு."

"ஆமா சார். இனிமே அது வராது."

இரண்டு கைபேசிகளும் ஒரே சமயத்தில் அடித்தன. முதலைக்காரருடைய மேலதிகாரி கத்தினது அறை முழுக்கக் கேட்டது. "மெனு மறையுதாமே! யாரோட கார்டுல முதல்ல மறைஞ்சுது? நம்மளதுன்னு இப்பவே அறிவிக்கிறேன். மெனுமறைவை முழுமையா ஆதரிக்கும் முதல் கார்டு. நீங்க அங்கயே இருந்து அளந்து சொல்லுங்க." வண்டுக்காரருடைய மேலதிகாரி அவரைப் போலவே மெல்லிய குரல்காரர். ஆனாலும், தங்கள் கார்டில் மெனு இன்னும் ஆழமாக மறைகிறது என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அக்காவின் திரையில் அந்தக் கட்டம் உடைந்திருந்தது. மொய்த்துக் கிடந்த புள்ளிகள் ஊருக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. வந்த புள்ளிகளில் பாதி வந்த வேகத்தில் அணைந்துபோயின. எல்லாம் கோபப்பட்டவர்களாக இருக்கும். மீதிப் புள்ளிகள் தெருவில் விழித்துக்கொண்டு நின்றன. நான் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்து அதைக் காட்டினேன். அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. வெட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலைக்காரர் கைபேசியைக் காதில் வைத்தபடியே திடீரென்று தலையை உயர்த்தினார்.

"எங்கயோ சொட்டுது."

"எங்க வீட்டுக் குழாயெல்லாம் போன மாசம்தான் மாத்தினோம்" என்றாள் அம்மா விறைப்பாக.

அவர் அதை நம்பாமல் சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். குளியலறைக் கதவில் காதை வைத்தார். பிறகு திரும்பி வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம்.

"உள்ளேர்ந்து வருது."

வண்டுக்காரர் ஏற்கெனவே பூதக்கண்ணாடியைத் துணிக்கட்டின்மேல் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு விரல் அம்புக்குறிப் பொத்தானைத் தொட்டது. திரையில் அந்தப் பெண் ஓர் அடி எடுத்து வைத்தாள். வாளியின் கைப்பிடி கிணுங்கென்றது.

"நடக்குறா" என்றார் வண்டுக்காரர், தன்னை அறியாமல்.

முதலைக்காரர் அவசர அவசரமாகத் தன் இடத்தில் உட்கார்ந்தார். கைபேசியில் மேலதிகாரி இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். முதலைக்காரரும் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. தெருமுனையில் நின்றுவிட்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் கேக்குது?" என்று திரும்பாமலேயே கேட்டார்.

வண்டுக்காரர் யோசித்தார். கம்பெனி ரகசியத்தைச் சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"இடது பக்கம்."

"எனக்கும் இடதுதான்."

இரண்டு வாளிகளும் இடது பக்கம் திரும்பின. அம்மா சத்தம் வராமல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். அக்கா நாற்காலியின் பின்புறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ? ஹலோ? அளந்தாச்சா?" என்றது கைபேசி.

"சார், ஒரு நிமிஷம் இருங்க" என்றார் முதலைக்காரர். "யார் வீட்டுலயோ குழாய் ஒழுகுது." கைபேசியைத் திரைத்துணிக்கு அடியில் திணித்துவிட்டு, காதைத் திரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு அடுத்த தெருவுக்குள் நடந்தார்.